கட்டடத் தளத்தில் மலேரியா: ஆட்கள் கொண்டுவந்ததா, இங்கேயே பிறந்ததா?

கருங்கல் எழுதியது:

வணக்கம். சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் தளப் பொறியாளராக வேலை செய்கிறேன். ஆறாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டுப் பதினோரு நாள் ஆகிறது; அது காயாமலிருக்க மேலே தண்ணீர் கட்டி வைத்திருக்கிறோம். கம்பி கட்டும் குழுவில் இருபத்திரண்டு பேர், எல்லோரும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மூவருக்குக் காய்ச்சல். ஒரு நாள் உடம்பைத் தூக்கிப்போடும் குளிர், மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் திரும்பவும் குளிர். மேஸ்திரி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து அவர்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவந்தபோது ஆறு நாள் போய்விட்டது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூவருக்கும் மலேரியா, வைவாக்ஸ் வகை.

அதே வாரம் பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் மலேரியா. ஒரு வீட்டில் எட்டு வயதுக் குழந்தை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெளிமாநில ஆட்கள் நோயைக் கொண்டுவந்துவிட்டார்கள், தகரக் கொட்டகையை உடனே அப்புறப்படுத்துங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். என் நிறுவனமும் அந்த மூவரையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லும் அளவுக்கு விஷயமும் தெரியவில்லை. மலேரியா அவர்களோடு வந்ததா, இங்கே வந்த பிறகு பிடித்ததா? தளத்தில் நான் செய்ய வேண்டியது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

அந்தச் சங்கத்தில் நான் இல்லை. ஆனால் இதே போன்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். எங்கள் தெருமுனையில் கட்டுமானம் தொடங்கிய வருடம் என் பேத்திக்கு டெங்கு வந்தது. தட்டணுக்கள் குறைந்து நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அந்த நான்கு இரவும் நான் தூங்கவில்லை. கொட்டகையில் நாற்பது பேர், கழிப்பறை இரண்டு. திறந்த வெளியில் குளிக்கிறார்கள், எச்சில் துப்புகிறார்கள். அந்த மனிதர்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் நோய் வந்துவிட்ட இடத்தைக் குடியிருப்புக்கு நடுவில் வைத்திருப்பது என்ன நியாயம்? அப்புறப்படுத்தச் சொல்வதைத் தவறென்று நான் நினைக்கவில்லை.

நாடித்துடிப்பு எழுதியது:

கருங்கல், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதினைந்து வருடமாக இருக்கும் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்வியை நாள்கணக்கு வைத்துப் பார்க்கலாம்.

கொசு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக நம் ஊர் வெயிலில் சுமார் பத்து நாள். அந்தக் கொசு நோயுள்ள ஒருவரைக் கடித்த பிறகு மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் முதிர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர இன்னொரு பத்துப் பன்னிரண்டு நாள். அது அடுத்தவரைக் கடித்த பிறகு காய்ச்சல் தெரிய வைவாக்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம். ஆக, இன்று தெருவில் நீங்கள் பார்க்கும் காய்ச்சலுக்கு ஆறாவது மாடியில் தேங்கிய தண்ணீர் காரணமாக இருக்க முடியாது. ஐந்து ஆறு வாரத்துக்கு முன்னால் எங்கே தண்ணீர் நின்றது என்று தேடுங்கள்.

இன்னொன்று. ஒடிசாவில் காணும் மலேரியாவில் பெரும்பகுதி ஃபால்சிபாரம் வகை. சென்னையில் காலம்காலமாக இருந்துவருவது வைவாக்ஸ். உங்கள் மூவருக்கும் வந்திருப்பது வைவாக்ஸ். இதை வைத்து இங்கேதான் பிடித்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்பவும் எழும் குணமுடையது. போன வருடம் வேறோர் ஊரில் வாங்கியதும் இன்று காய்ச்சலாக வரலாம். ஆனால் "அவர்கள் கொண்டுவந்தார்கள்" என்று எழுதிய கடிதத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சரி, ஒட்டுண்ணி வெளியிலிருந்தே வந்ததாக வைத்துக்கொள்வோம். அதைச் சுமந்த கொசு எங்கே பிறந்தது? நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, மேல்நிலைத் தொட்டி, தரைத் தொட்டி, கட்டடத்தில் தேங்கும் தெளிந்த தண்ணீர் இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். இந்தியத் துணைக்கண்டத்திலும் அதற்கு மேற்கேயுள்ள நாடுகளிலும் இருந்துவந்த இந்தக் கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற இலங்கையில், சில மாதங்களிலேயே மன்னார் கிணறுகளில் இதைக் கண்டு திடுக்கிட்டார்கள். நகரம் வளரும் இடமெல்லாம் இது வளர்கிறது.

வேப்பமரத்தடி ஐயா, உங்கள் பேத்திக்கு வந்த டெங்குவைப் பரப்புவது வேறு கொசு, ஏடிஸ். அதுவும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும், பிறந்த இடத்திலிருந்து அதிகத் தூரம் போகாது. எச்சில் துப்புவதற்கும் டெங்குவுக்கும் தொடர்பில்லை. எச்சிலால் பரவும் வேறு நோய்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த நோய் எந்த வழியில் வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் "அசுத்தம்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டால், கொசு தன் வேலையை நிம்மதியாகச் செய்துகொண்டே இருக்கும்.

கருங்கல் எழுதியது:

டாக்டர், உங்கள் பதிவைப் படித்த கையோடு தள நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆறு வாரத்துக்கு முன்னால் நான்காவது மாடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தோம். அதைவிட முக்கியமாக, லிஃப்ட் குழியில் மழைத் தண்ணீர் இறங்கி நின்றிருக்கிறது. மோட்டார் பழுது என்று எழுதி அப்படியே விட்டிருக்கிறோம். எழுதியது நானே.

இன்று காலை டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன். இன்னும் முக்கால் அடித் தண்ணீர். மேலே அரிசிமணி நீளத்தில் புழுக்கள், தண்ணீரின் மேல்தோலோடு ஒட்டிப் படுத்த மாதிரி இருந்தன. பக்கத்தில் கிடந்த பெயிண்ட் வாளியில் இருந்தவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டும் வேறு வேறா?

நாடித்துடிப்பு எழுதியது:

வேறுதான். நீர்ப்பரப்புக்குச் சமமாகப் படுத்திருப்பது அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது ஏடிஸ் அல்லது சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ். தெளிந்த தண்ணீர் வாளி என்றால் ஏடிஸாகத்தான் இருக்கும். மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் உங்கள் தளத்தில் ஒரே சமயத்தில் நாற்றங்கால் இருந்திருக்கிறது. குழியை இன்றே இறைத்துக் காயவிடுங்கள். ஊறிக்கொண்டே இருந்தால் பஞ்சாயத்துக் கொசு ஒழிப்புப் பணியாளரைக் கூப்பிட்டுப் புழுக்கொல்லி மருந்து ஊற்றச் சொல்லுங்கள். வாளியைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை வாளியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நார் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தளவரிசை எழுதியது:

ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் நான். இந்த இழையில் கியூரிங், அதாவது புதுக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டி ஈரம் காப்பது பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன்.

ஐ.எஸ். 456 என்ற நம் கான்கிரீட் விதித்தொகுப்பு சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், (நிலக்கரிச் சாம்பலோ உலைக் கசடோ கலந்த) கலப்புச் சிமென்ட்டுக்கும் வெயில் வாட்டும் இடங்களுக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. கலப்புச் சிமென்ட்டுக்கு அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. இன்று பெரும்பாலான தளங்களில் கலப்புச் சிமென்ட்தான். நாம் என்ன செய்கிறோம்? சிமென்ட் சாந்தில் பாத்தி கட்டி, இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, காய்ந்த இடத்தில் மட்டும் மேலே மேலே ஊற்றுகிறோம். பத்து நாளில் கொசு பறக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். பத்து முதல் பதினான்கு நாள் தண்ணீரைக் கலைக்காமல் வைத்திருங்கள் என்று நாம் மேஸ்திரியிடம் சொல்கிறோம். நாற்பது வருடத் தொழிலில் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருமுறையும் யோசித்ததில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கான்கிரீட்டுக்குத் தேவை ஈரம்; குளம் தேவையில்லை. ஆறு நாளுக்கு ஒரு முறை சாயங்காலத்தில் பாத்தியை உடைத்து, தென்னை விளக்குமாற்றால் தண்ணீரை முழுக்கத் தள்ளிவிட்டு, உடனே புதுத் தண்ணீர் கட்டுங்கள். தளம் காய்ந்துபோக நேரம் இருக்காது, வலிமை குறையாது. தள்ளும் தண்ணீர் மட்டும் கீழே இன்னொரு தொட்டியில் போய் விழக்கூடாது, வெட்டவெளி மண்ணில் விழ வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் ஈரக் கோணிச் சாக்கே போதும். செலவு பார்க்காத இடமென்றால் கியூரிங் பூச்சு இருக்கிறது.

கடல்தாண்டி எழுதியது:

கொட்டகையை அப்புறப்படுத்துவது பற்றிப் பேச்சு வந்ததால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் என் ஊர். சிங்கப்பூரில் பதினோரு வருடம் கட்டுமான வேலை. 2020இல் கொரோனா பரவியபோது ஒரு பெரிய தொழிலாளர் விடுதியில் இருந்தேன். அந்த ஊரில் எங்களை ஏற்கெனவே அப்புறப்படுத்தித்தான் வைத்திருந்தார்கள். நகரத்தின் ஓரத்தில் வேலி, காவல், நுழைவு அட்டை. தமிழர்களும் வங்காளதேசத்தவர்களும் சீனர்களும் கலந்து சுமார் 3,23,000 பேர் இப்படி விடுதிகளில் இருந்தோம். ஓர் அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர், இரண்டடுக்குக் கட்டில். பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை என்பது அன்றைய விதி.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் ஒரு விடுதியையும் தோ குவானில் ஒரு விடுதியையும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக எல்லா விடுதிகளும் அடைபட்டன. உள்ளே இடைவெளி விடச் சொன்னார்கள். என் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவில் நான் கை நீட்டினால் அடுத்தவனுடைய போர்வை. மேல்கட்டிலில் இருந்த தம்பி இருமினால் கட்டில் ஆடும். எங்கே விலகி நிற்பது?

அந்த வருட டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது: பி.சி.ஆர். சோதனையில் 54,505 பேர், இரத்தத்தில் நோயெதிர்ப்புக் கூறு பார்த்ததில் இன்னும் 98,289 பேர். விடுதிவாசிகளில் 47 சதவீதம். வேலிக்கு வெளியே அதே ஊரில் ஆயிரத்துக்கு மூவர்கூட இல்லை. எங்களில் பெரும்பாலோர் இளவயதினர், சிகிச்சையும் நன்றாகக் கொடுத்தார்கள், அதனால் இறப்பு மிகக் குறைவு. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் நோய் எங்கள் பழக்கத்தால் பரவியிருந்தால், அதே நாங்கள் ஊரில் எங்கள் வீட்டில் இருந்தபோது ஏன் அப்படி இல்லை? பிறகு அவர்களே புது விதி எழுதினார்கள். புது விடுதிகளில் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், கட்டிலுக்கு நடுவே ஒரு மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. காரணம் எதுவென்று அவர்களுக்குப் புரிந்ததால்தானே அப்படி எழுதினார்கள்?

கொசு விஷயத்திலும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016 ஆகஸ்ட் கடைசியில் அங்கே ஏடிஸ் கொசு பரப்பும் ஜிகா நோய் வந்தது. உள்ளூரிலேயே தொற்றியதாக முதலில் அறிவித்த 41 பேரில் 36 பேர் சிம்ஸ் டிரைவில் ஒரே கட்டுமானத் தளத்து ஆட்கள். நோயோடு யார் முதலில் வந்தார்கள் என்ற விசாரணைக்காக யாரும் காத்திருக்கவில்லை. கொசு வளர இடம் கொடுத்த தளத்தின் வேலையை நிறுத்தி உத்தரவு போட்டுவிட்டார்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

கடல்தாண்டி தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வேலிக்குள் வைத்தால் நோய் உள்ளே பெருகும் என்பது புரிகிறது. அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி மிச்சமிருக்கிறது. மூன்று பேருக்கு மலேரியா என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அவர்கள் இன்றும் அதே கொட்டகையில்தானே தூங்குகிறார்கள்? அவர்களைக் கடித்த கொசு என் வீட்டுக்கு வராதா?

நாடித்துடிப்பு எழுதியது:

வரும். நியாயமான கேள்வி. இந்த இழையில் இதற்கு மேல் முக்கியமான கேள்வி இல்லை என்றுகூடச் சொல்வேன்.

வைவாக்ஸுக்கு இரண்டு மருந்து. குளோரோகுயின் மூன்று நாள். அது இரத்தத்தில் இருப்பதைக் கொன்று காய்ச்சலை நிறுத்தும். ப்ரைமாகுயின் பதினான்கு நாள். அது கல்லீரலில் ஒளிந்திருப்பதைக் கொல்லும். (கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ப்ரைமாகுயின் கொடுக்கக்கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அது இரத்த அணுக்களை உடைக்கும். அதனால் யாரும் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும்.)

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். நான்காம் நாள் தொழிலாளி வேலைக்கு ஏறுவார். ஏழாம் நாள் மாத்திரையை மறப்பார். பத்தாம் நாள் கம்பி வேலை முடிந்து குழு வேறு ஊருக்குப் போகும். ஆறு வாரம் கழித்தோ ஆறு மாதம் கழித்தோ கோவையிலோ ஹைதராபாத்திலோ வேறொரு தளத்தில் அவருக்குக் குளிர் எடுக்கும். அங்கேயும் ஒரு லிஃப்ட் குழி இருக்கும். அந்தத் தெருவிலும் ஒரு கடிதம் எழுதுவார்கள். வைவாக்ஸில் இன்னொரு சங்கடம், கொசுவுக்குப் போகும் நிலையிலுள்ள ஒட்டுண்ணி காய்ச்சல் தொடங்கும்போதே இரத்தத்தில் இருக்கும். ஆறு நாள் மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டினால் அந்த ஆறு இரவும் கொசுவுக்கு விருந்து.

அதனால் மூவரையும் ஊருக்கு அனுப்புவது மிகத் தவறான காரியம். இங்கேயே வைத்து, கொசுவலைக்குள் தூங்கவைத்து, பதினான்கு மாத்திரையும் கண்முன்னால் விழுங்க வைப்பதுதான் உங்கள் பேத்திக்கும் பாதுகாப்பு. இந்தியா 2030க்குள் மலேரியாவை ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு டெல்லியில் எழுதப்பட்டிருந்தாலும் நிறைவேறுவது இப்படிப்பட்ட கொட்டகை வாசலில்தான்.

சாந்துச்சட்டி எழுதியது:

நான் மேஸ்திரி. இருபது வருடமாக ஆட்களை வைத்து வேலை செய்கிறேன். மருந்துக்கடை மாத்திரை வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது எங்களைக் குறைசொல்வதாக இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த ஆளுக்குக் கூலி இல்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனால் அரை நாள் போகும், மேலே அன்று கூலியே கிடையாது. மருந்து இலவசம்தான், நாள் இலவசமில்லை. பாஷை தெரியாத ஆள் தனியாகப் போனால் சீட்டு எழுதும் இடத்திலேயே திரும்பி வந்துவிடுவான். எனக்கும் தளம் போட வேண்டிய தேதி இருக்கிறது, ஆள் குறைந்தால் என் பாக்கிப் பணம் நிற்கும். காய்ச்சலோடு கம்பி தூக்குவது எனக்குப் பிடித்தா நடக்கிறது? காய்ச்சல் நாளுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க ஒப்பந்தத்தில் இடம் இருந்தால், முதல் நாளே நானே வண்டி வைத்து அழைத்துப்போவேன்.

செங்காந்தள் எழுதியது:

மேஸ்திரி அண்ணன் எழுதியது உண்மை. என் அம்மா இருபத்தாறு வருடம் சித்தாளாக இருந்தார். நான் கட்டடத் தளங்களில் வளர்ந்தவள், இப்போது செவிலியராக இருக்கிறேன். எல்லோரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். கொட்டகையில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

எனக்கு ஏழு வயதில் கொட்டகையில் சின்னம்மை போட்டது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் உள்ளே வரமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விடும்வரை நோயாளி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. மாரியம்மனுக்காகச் செய்தாலும் அது நல்ல தனிமைப்படுத்தல்தான் என்று செவிலியர் படிப்பில்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கொட்டகைக்கு வாசல் ஒன்றுதான். எட்டுக் குடும்பம். இடையில் சேலைத் தடுப்பு. அம்மா வேப்பிலையை எங்கே செருகுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் சேலையில் ஊசி போட்டு மாட்டினார். மூன்று வாரத்தில் பதினோரு பேருக்கு வந்தது. பெரியவர்களுக்குத்தான் கடுமையாக இருந்தது. நம் நாட்டைப் போன்ற வெப்பநாடுகளில் சிறுவயதில் அம்மை வராமல் வளர்ந்தவர்கள் அதிகம், அதனால் வயதான பிறகு வரும்; வந்தால் நுரையீரல்வரை போகும். அந்தப் பதினோரு பேரில் ஒரு சித்தாள் கர்ப்பிணி. அவர் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கான்கிரீட் கலக்கும் தண்ணீரையே குடிக்கவும் எடுப்போம். டேங்கர் லாரித் தண்ணீர் தரைத் தொட்டியில் விழும், பக்கத்திலேயே தற்காலிகக் கழிப்பறையின் குழி இருக்கும். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் வராமல் என்ன செய்யும்? ஹெபடைடிஸ் 'இ' வகைக் காமாலை ஆண்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறும், நிறைமாதக் கர்ப்பிணிக்கு வந்தால் உயிரையே கொண்டுபோகலாம். குடிதண்ணீருக்குத் தனித் தொட்டி, அதற்கு மூடி, குழாய். இவ்வளவுதான் வேண்டும்.

தற்காலிகக் குடியிருப்பு, தனிச் சமையலிடம், குளியலறை, கழிப்பறை எல்லாம் முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம். நான் வளர்ந்த எந்தத் தளத்திலும் காப்பகம் இருந்ததில்லை. மணல் குவியலில்தான் தூங்கினேன். தமிழகத்தில் 1994இலிருந்து நல வாரியம் இருக்கிறது. வாரிய அட்டை அம்மாவிடம் இருந்தது, அதைப் புதுப்பிக்க ஒரு நாள் கூலி போகும் என்று பல வருடம் விட்டுவிட்டார். வாரிய அட்டையே இல்லாத வெளிமாநில ஆட்களின் நிலையை நினைத்துப்பாருங்கள்.

பாறைக்குடைவு எழுதியது:

வரலாறு படிப்பவன். ஒரு சிறு செய்தி மட்டும். சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்தை 1872 முதல் தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான இத்தாலியத் தொழிலாளர்கள் வெளிறிப்போய், இரத்தசோகையில் விழுந்தார்கள்; பலர் செத்தார்கள். முதலில் சுரங்கத்தின் கெட்ட காற்று என்றார்கள். 1880 வாக்கில்தான், குடலில் இரத்தம் குடித்து வாழ்ந்து மலத்தின் வழியே ஈர மண்ணில் பரவும் கொக்கிப்புழு என்று தெரிந்தது. உள்ளே கழிப்பறை இல்லை, ஈரமும் வெப்பமும் மிகுந்த சேற்றில் வேலை. குளிர்நாட்டு மலைக்குள் வெப்பநாட்டுப் புழுவுக்கு ஏற்ற இடத்தை அந்தச் சுரங்கமே செய்து கொடுத்துவிட்டது. சுரங்கம் முடிந்து ஆட்கள் அடுத்த சுரங்கத்துக்கும் நிலக்கரிக் குழிகளுக்கும் போனபோது புழுவும் ஐரோப்பா முழுக்கப் போனது. டாக்டர் சொன்ன "பத்தாம் நாள் வேறு ஊர்" கதை நூற்றைம்பது வருடம் பழையது.

நாடித்துடிப்பு எழுதியது:

பாறைக்குடைவு அவர்களின் செய்திக்கு நன்றி. பாறை என்றதும் காசநோயைச் சொல்லாமல் போக முடியவில்லை. கிரானைட் அறுப்பவர்கள், கான்கிரீட்டை உடைப்பவர்கள், டைல்ஸ் வெட்டுபவர்கள் மூச்சில் சிலிக்கா தூசி போகிறது. அது நுரையீரலின் காவல் செல்களையே செயலிழக்கச் செய்கிறது. இந்தத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போகும் சிலிக்கோசிஸ் வந்தவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு பல மடங்கு. பிறகு அவர் காற்றோட்டமில்லாத கொட்டகையில் தூங்குகிறார். வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அதிகம் பறக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிச் சோதனை. ஆறு மாத சிகிச்சையில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஊர் மாறினால் நிக்ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவேட்டு எண்ணைக் காட்டி அங்கேயே தொடரலாம். மலேரியா மாத்திரைக்கும் அப்படி ஓர் எண் ஆளோடு கூடவே போனால் நன்றாக இருக்கும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேப்பமரத்தடி எழுதியது:

செங்காந்தள் அம்மாவின் பதிவுக்குப் பிறகு எனக்குச் சில நாள் எழுத வரவில்லை. எங்கள் சங்கத்தில் இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தேன். ஒருவர் எழுந்து, எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்டார். ஏறிப் பார்த்தோம். பதினாறு தொட்டியில் ஐந்துக்கு மூடி உடைந்திருந்தது. கட்டுமானத்தைக் கைகாட்டிய நாங்கள் எங்கள் தலைக்கு மேல் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்கமாட்டேன். எங்கள் தெருவில் இன்னொரு கட்டடம் மூன்று வருடமாகப் பாதியில் நிற்கிறது. ஆளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. அடித்தளம் முழுக்கத் தண்ணீர். அதற்கு யாரைக் கேட்பது?

தளவரிசை எழுதியது:

1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் இருக்கிறது. கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்கவிடக்கூடாது என்ற பொறுப்பை அது இடத்துக்கு உரியவர் மேல் வைக்கிறது. அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனுவில் "தொந்தரவு" என்று பொதுவாக எழுதாமல், தண்ணீர் நிற்கும் இடம், ஆழம், பார்த்த தேதி, புழு இருந்ததா என்று எழுதுங்கள்.

கருங்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் குழி இறைத்தாகிவிட்டது. புது மோட்டார் வந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை பாத்தி உடைத்துப் புதுத் தண்ணீர் கட்டுவதை வேலைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டேன். கொட்டகைக்கு இருபத்து நான்கு கொசுவலை வாங்கினோம். நிறுவனத்திடம் மூவருக்கும் இரண்டு நாள் முழுக்கூலியும், குடிதண்ணீருக்குத் தனித் தொட்டியும் கேட்டேன். தொட்டிக்கு ஒப்புக்கொண்டார்கள். கூலிக்கு இன்னும் பதில் இல்லை. மேஸ்திரி தன் கையிலிருந்து ஒரு நாள் கொடுத்தார். சாந்துச்சட்டி அண்ணன், உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

வட்டாரச் சுகாதாரப் பணியாளர்கள் வந்து மீதி எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார்கள். இன்னும் இருவருக்கு இருந்தது. அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலே இல்லை, வேலை செய்துகொண்டிருந்தார்.

ஐந்து பேருக்கும் காலை ஏழரைக்கு வருகைப் பதிவின்போது சாப்பிட்ட பிறகு மாத்திரை, என் முன்னால். பதிவேட்டில் ஒரு கட்டம் அதிகம் போட்டிருக்கிறேன். நேற்று ஒருவருக்கு ஊரில் தந்தை தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. இரவு ரயிலில் ஏற்றிவிட்டேன். மீதி ஐந்து மாத்திரையைத் தாளில் தனித்தனியாக மடித்து, ஒவ்வொன்றின் மேலும் தேதியை ஒடியாவில் அவருடைய நண்பரை விட்டே எழுதவைத்துக் கொடுத்தேன். இன்று காலை ஏழரைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். விஜயவாடா தாண்டிவிட்டதாகச் சொன்னார். டீ வாங்கி, பிஸ்கட் தின்று, பத்தாம் நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டாராம். இன்னும் நான்கு இருக்கிறது. நாளையும் கூப்பிடுவேன்.